பரிணாமம் என்றால் 'வலியவன் வாழ்வான்' என்று அர்த்தமா?

இல்லை. பரிணாமம் என்பது ஓர் உயிரினக் கூட்டத்தின் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவது. பிள்ளைகள் அச்சு அசலாகப் பெற்றோர் போல் பிறப்பதில்லை. சூழலுக்குத் தோதான பண்பு கொண்டவை அதிகம் பெருகுகின்றன. வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்திரியைப் பாருங்கள், காம்பெல்லாம் முள். நல்ல காயைப் பழுக்கவிட்டு விவசாயி விதை எடுக்கிறார். இயற்கையில் அப்படிப் பொறுக்குவது வறட்சியும் நோயும்தான். அதற்காக மற்ற கத்திரியெல்லாம் மட்டமா?

அரசியல் இந்தக் கருத்தைப் புரட்டுவது இங்கேதான். 'தக்கன பிழைக்கும்' என்று 1864-இல் எழுதியவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர். பரிணாமக் கொள்கையை முன்வைத்த டார்வின் அந்தத் தொடரைப் பிறகுதான் எடுத்துக்கொண்டார். 1907-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலமும் 1933-இல் நாஜி ஜெர்மனியும் 'தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடைக்குச் சட்டமே போட்டன. பெருங்கொடுமை அது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேச அறிவியலில் இடமே இல்லை.

அப்புறம், இன்றைய குரங்கு மனிதனாக மாறவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது.