புத்தகத்தை ஏன் ஒளிக்கிறார்?

கேள்வி: என் மனைவிக்கு வயது 39. நான் பிரித்தானியக் குடியுரிமை எடுத்த பிறகு அவரையும் இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டேன். வந்து ஐந்து வருடமாகப் போகிறது. அதற்கு முதல் ஏழு வருடம் ஊரில் பிள்ளைகளோடு தனியேதான் இருந்தார். இப்போது நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டாயமான, பிரித்தானிய வரலாறு, வாழ்க்கைமுறை பற்றிய 'லைஃப் இன் த யூகே' சோதனையில் மூன்று தரம் தவறிவிட்டார். என்னுடைய 150 பவுண் போய்விட்டது. மாதிரிக் கேள்விகளைத் தொலைபேசியில் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். இரவுச் சாப்பாட்டு நேரம் நானும் பிள்ளைகளும் கேள்வி கேட்போம். பிழையாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பகிடிக்குத்தான். அவருக்குப் படிப்பில் அக்கறை இல்லை. நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால் புத்தகத்தை அரிசி வாளிக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஆண்டுகள் ஒன்றும் மனதில் நிற்குதில்லை. ஞாபகசக்தி கூடுவதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள்.
— ஹரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, ஞாபகசக்தியைப் பற்றிப் பிறகு கதைப்போம். முதலில் அந்த அரிசி வாளி.

அக்கறை இல்லாதவர் புத்தகத்தைக் கையில் எடுக்கவே மாட்டார். அது வைத்த இடத்திலேயே தூசி படிந்து கிடக்கும். உங்கள் மனைவியோ நீங்கள் கதவில் திறப்புப் போடும் வரைக்கும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். சத்தம் கேட்டதும் ஒளிக்கிறார். சின்ன வயதில் அப்பாவுக்குப் பயந்து கதைப்புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தோமே, அதுபோல. 39 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், தன்னுடைய குசினிக்குள்ளேயே ஒரு பாடப்புத்தகத்தை ஒளிக்கிறார் என்றால் அவருக்கு யாரைப் பார்த்துப் பயம்? இதைக் கண்ணால் பார்த்தும் ஒரு நாளாவது 'ஏன்' என்று கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. அவருக்கு அக்கறை இல்லை என்று நீங்களே முடிவுகட்டிவிட்டீர்கள்.

பதில் உங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் சிரிப்பது பகிடிக்குத்தான் என்று எழுதுகிறீர்கள். பகிடி என்றால் அவரும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். அவர் சிரித்ததாக நீங்கள் எழுதவில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். நிரந்தர வதிவிடம் கிடைக்கும் வரை அவருடைய விசா உங்களோடுள்ள உறவை வைத்துத்தான் இருக்கிறது. கேள்வி கேட்பவரும் நீங்கள், இந்த நாட்டில் அவர் இருப்பதற்கு ஆதாரமும் நீங்கள். சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, தான் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னால் பிழை விடும் ஒருவருக்கு எந்த ஆண்டு மனதில் நிற்கும்?

கோயில் மண்டபத்தில் சில காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு இந்தப் புத்தகத்தைப் படிப்பித்திருக்கிறேன். ஒருவர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரையும் வரிசை தப்பாமல் சொல்வார். யாரை விவாகரத்துச் செய்தான், யாருடைய தலையை வெட்டினான், யார் பிள்ளை பெற்ற கையோடு இறந்தார் என்று மற்றவர்களுக்கு விளக்குவதும் அவர்தான். ஒரு நாள் கணவர் கூட்டிப்போக வந்தார். வாசலில் நின்று, "எங்கே, இண்டைக்கு என்ன படிச்சனீர்? சொல்லும் பாப்பம்" என்றார். மூன்றாவது பெயரோடு அந்தப் பெண் நின்றுவிட்டார். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் கழற்றுவதுமாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு உங்களுடையதைப் போன்ற கடிதம் எத்தனையோ வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது எனக்கு அந்த வார்தான் கண்ணுக்குள் வருகிறது.

அந்த ஏழு வருடத்தை ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு அப்படிக் கடந்துபோக முடியவில்லை. பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் காய்ந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? பள்ளிக்கூட அனுமதி, வங்கி, விசாவுக்கான பத்திரங்கள் என்று ஒவ்வொரு வரிசையிலும் நின்றது யார்? அத்தனையையும் தலைக்குள் வைத்திருந்த மனுஷிக்கு இங்கே வந்ததும் ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்கிறீர்கள். குறைந்தது ஞாபகசக்தி இல்லை, அந்த வீட்டில் அவருக்கிருந்த மரியாதை. தாயைப் பார்த்துச் சிரிக்கப் பிள்ளைகள் தாமாகப் பழகுவதில்லை, தகப்பன் விட்டுக்கொடுத்தால்தான் பழகுவார்கள். இதை இப்படியே விட்டால், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு 'அம்மா வேண்டாம், அப்பா வாங்கோ' என்று சொல்லும் நாள் வரும். கணவனின் முதல் கடமை சம்பாதிப்பது என்று நான் நினைப்பதில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் அவர்களின் தாயைத் தாழவிடாமல் வைத்திருப்பதுதான் முதல் கடமை.

'என்னுடைய 150 பவுண்' என்ற சொல்லையும் பார்த்தேன். உங்கள் மனைவி ஒளிக்கும் அந்தப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1870 வரை இந்த நாட்டில் ஒரு பெண் கலியாணம் முடித்தால் அவளுடைய சம்பாத்தியம், சொத்து எல்லாம் கணவனுக்குப் போய்விடும். 1870 இலும் 1882 இலும் வந்த சட்டங்கள்தான் அதை மாற்றின. நீங்களும் ஒருதரம் அந்தப் பக்கத்தை எடுத்து வாசியுங்கள்.

இனி அந்த ஆண்டுகள். அவற்றில் பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஊரில் வரலாறு படித்தவர்தானே. இங்கே மன்னராட்சியை ஒழித்து ஆண்ட ஒலிவர் குரொம்வெல் இறந்தது 1658, ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அதே ஆண்டு. பண்ணைப் பக்கம் போய்வரும்போதெல்லாம் யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை யாரும் பாடமாக்கிக் கொடுக்கத் தேவையில்லை. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றது 1815 ஜூனில், கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் போனது அதே ஆண்டு மார்ச்சில். அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833, இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்ததாக நாங்கள் பள்ளியில் படித்த கோல்புறூக் சீர்திருத்தங்களும் 1833. இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பெப்ரவரியில், இங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது அதே ஆண்டு ஜூலையில். இங்கே பெண்களுக்கு 1918 இல் 30 வயதிலிருந்து வாக்கு, 1928 இல்தான் ஆண்களைப்போல 21 வயதில். அதற்கு மூன்றே வருடத்தில், 1931 இல், இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயதில் வாக்கு வந்துவிட்டது. அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்த கதை அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பழைய கொப்பியை எடுத்து, இடப்பக்கம் நம்முடைய ஆண்டு, வலப்பக்கம் இவர்களுடைய ஆண்டு என்று தன் கையாலேயே அவர் எழுதட்டும்.

தொலைபேசிக் கேள்விகளைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். கேள்விகள் வருவது அரசாங்கத்தின் அதிகாரபூர்வக் கைநூலிலிருந்து. அதை முதலில் கதைபோல முழுதாக வாசிக்க வேண்டும். வாசித்த பந்தியை அவர் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், திருத்த வேண்டாம். 24 கேள்விக்கு 45 நிமிடம், 18 சரியானால் போதும். சில கேள்விகளுக்கு இரண்டு விடை தெரிவு செய்யச் சொல்வார்கள், அவசரத்தில் ஒன்றோடு விட்டுவிடக் கூடாது. ஒருதரம் சித்தியடைந்தால் நாளைக்குக் குடியுரிமைக்கும் அதே பெறுபேறு செல்லும். தவறினால் ஏழு நாள் கழித்துத் திரும்ப எடுக்கலாம். இத்தனை தரம்தான் என்ற கணக்கும் இல்லை.

இதெல்லாவற்றுக்கும் அவருக்கு ஆள் இல்லாத ஒரு மணித்தியாலம் வேண்டும். வீட்டில் இருக்கிறவர்தானே என்று நினைக்காதீர்கள், வீட்டில் இருப்பவருக்குத்தான் அந்த ஒரு மணித்தியாலம் கிடைப்பதில்லை. நீங்கள் வேலையால் வந்ததும் குசினியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மேசையை அவருக்கு விடுங்கள்.

இன்றிரவு பிள்ளைகளைக் கூப்பிட்டு இருத்துங்கள். அவர்கள் சிரித்தது பிழை, சிரிக்கவிட்ட நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை என்று மனைவி கேட்கத்தக்கதாகச் சொல்லுங்கள். அந்த ஏழு வருடத்தில் தாய் என்னென்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லுங்கள். தெரியாததை அவரிடமே கேளுங்கள்.

அடுத்த சோதனையை அவரே தன்னுடைய மின்னஞ்சலில் பதியட்டும். குறைந்தது மூன்று நாள் முன்னதாகப் பதிய வேண்டும், பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எந்த நாள் என்று அவராகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டாம். சொன்னால், அன்றைக்கு லீவு எடுங்கள். வாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு, போகும்போதும் வரும்போதும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாருங்கள்.