பண்ணைக் கோழியும் தோட்டத்து முள்ளெலியும்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வீடு, பின்னால் சின்னத் தோட்டம். முட்டைப் பண்ணையில் கழித்துவிட்ட கோழிகளில் மூன்றைத் தத்தெடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கோழி கிட்டத்தட்ட இலவசமாமே. அப்புறம் எவ்வளவு இழுக்கும்?

பதில்: கோழி மலிவுதான், கூடுதான் இழுக்கும். பிரிட்டனில் பொதுவாக ஒன்றரை வயதிலேயே முட்டைக்கோழியைக் கழித்துவிடுகிறார்கள். முட்டை நின்றுவிடவில்லை, பண்ணைக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அவற்றை வீடுகளுக்குக் கொடுக்கும் அமைப்புகளில் பெயர் பெற்றது 'பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட்'. முன்பதிவு செய்துவிட்டு, சொன்ன நாளில் சொன்ன இடத்துக்குப் போய், நன்கொடை கொடுத்துப் பெட்டியில் வாங்கி வரலாம். தனியார் விளம்பரத்தைப் பார்த்துப் போனால், கோழியைக் கண்ணால் காணாமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

வந்திறங்கும் கோழியைப் பார்த்துப் பிள்ளைகள் திகைத்துப்போகலாம். கழுத்தில் இறகு இருக்காது, கொண்டை வெளிறித் தொங்கும். பழைய கம்பிக்கூண்டுகளை 2012இல் தடை செய்தார்கள். அதற்குப் பின் வந்த பெரிய கூண்டிலும் சட்டப்படி ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர்தான், ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. அங்கிருந்து வரும் கோழிக்கு முதல் சில நாட்கள் பரணில் ஏறக்கூடத் தெரியாது. தூள் தீவனம் தின்று பழகியது என்பதால் குச்சித் தீவனத்துக்கு மெல்லத்தான் மாற்ற வேண்டும்.

இனி கூடு. "6 கோழிகளுக்கு" என்று பெட்டியில் போட்டிருந்தால் மூன்றுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பலகைக் கூடு விலை குறைவு, ஆனால் அதன் இடுக்குகளில் செள்ளு குடியேறிவிடும். பகலில் ஒளிந்திருந்து ராத்திரியில் கோழியின் ரத்தத்தைக் குடிக்கும் பூச்சி அது. கூடுதலாகக் கொடுத்தாலும் கழுவி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கூடே மேல். ஓடித்திரியும் அடைப்புக்குச் சாதாரண கோழிவலை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்குமே தவிர நரியை வெளியே நிறுத்தாது, லண்டன் நரி அதைக் கடித்தே கிழித்துவிடும். பற்றவைத்த கெட்டிக் கம்பிவலையான வெல்ட் மெஷ் வாங்கி, வெளிப்புறம் தரையிலும் ஒரு முழ அகலத்துக்கு விரித்துவிடுங்கள், தோண்ட முடியாது. மேலே வலை போதாது, மழை ஒழுகாத கூரையே போடுங்கள். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழிகளை அடைத்து வைக்கும்படி அரசு உத்தரவு போடலாம், அப்போது அவசரத்தில் கூரை தேட வேண்டாம். இதற்கெல்லாம் சேர்த்துச் சில நூறு பவுண்டுகளை ஒதுக்குங்கள். கோழிக்கு நோய் வந்தால் மருத்துவச் செலவு தனி.

1 அக்டோபர் 2024 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். கட்டணம் கிடையாது. வீட்டுப் பத்திரத்தில் "கோழி வளர்க்கக் கூடாது" என்றிருந்தால் பயந்துவிடாதீர்கள். வியாபாரமாக இல்லாமல் வீட்டுக்காகப் பெட்டைக்கோழியும் முயலும் வளர்ப்பதை அப்படித் தடுக்க முடியாது என்று 1950ஆம் ஆண்டு அலாட்மென்ட் சட்டம் சொல்கிறது. சேவலுக்கு இந்தச் சலுகை இல்லை. கூடு நாறி அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையானாலும் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது.

கேள்வி: மீந்த சோறும் தோசையும் போட்டால் தீவனச் செலவு மிச்சமாகுமா? ஊரில் அப்படித்தானே வளர்த்தோம்?

பதில்: ஊரில் வளர்த்தோம், பிரிட்டனில் அது சட்டவிரோதம். வீட்டுச் சமையலறைக்குள் போய்வந்த எதையும் கோழிக்குப் போடக்கூடாது, வெங்காயத்தோலிலிருந்து பழைய சோறு வரை. பாலும் முட்டையும்கூட நுழையாத முழுச் சைவ வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் சைவ வீடுகளில் தயிர் இருக்கிறதே, அதனால் அந்தக் கணக்கில் வராது. தோட்டத்தில் பறித்த கீரையைச் சமையலறைக்குள் கொண்டுபோகாமல் நேரே போடலாம்.

கேள்வி: தோட்டத்துக்கு வரும் முள்ளெலியைப் படம் பிடிக்க, இணையத்தில் 60 பவுண்டுக்கு, அசைவு கண்டால் தானே படமெடுக்கும் ட்ரெயில் கேமரா வாங்கினேன். 48 மெகாபிக்சல் என்றார்கள், படத்தில் தெரிவதோ வெறும் வெள்ளை உருண்டை. பெட்டியைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: அந்தப் பேச்சு செல்லாது. பிரிட்டிஷ் கடையில் இணையவழியாக வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று எழுதிவிடலாம். 2013ஆம் ஆண்டு விதிகள் தரும் உரிமை அது. பெட்டியைத் திறந்து பார்த்ததற்காக மறுக்க முடியாது. கடையில் எடுத்துப் பார்ப்பதற்கு மேல் பயன்படுத்தியிருந்தால் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். 14 நாள் தாண்டியிருந்தால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைச் சொல்லுங்கள். பழுதோ, சொன்னதற்கு மாறான பொருளோ என்றால் 30 நாளுக்குள் முழுப் பணத்தையும் கேட்கலாம்.

இந்த 48 பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கிய எண். உண்மையான சென்சார் அளவு விவரப் பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அது வேறாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். விலை 100 பவுண்டுக்கு மேல் போயிருந்தால் கிரெடிட் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்க நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. 60க்கு அது வராது, கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' கேட்டுப் பாருங்கள்.

ஆனால் திருப்பி அனுப்பும் முன் ஒரு ராத்திரி சோதித்துவிடுங்கள். இவ்வகைக் கேமராக்களில் ஃபோகஸ் மாறாது, மிக அருகில் வருவது மங்கும், அகச்சிவப்பு வெளிச்சமும் பட்டு வெளுக்கும். இரண்டு மீட்டர் தள்ளி, கணுக்கால் உயரத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டுத் தோட்டம் சட்டகத்துக்குள் விழாதபடி திருப்பிவிடுங்கள், விழுந்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

மேலே கேட்ட ஹாரோ வாசகருக்கும் இதில் சேதி உண்டு. பறவைகளைப் படம் பிடிக்கத் தானியத் தட்டு தொங்கவிட்டால் கோழி அடைப்பின் அருகே வேண்டாம். காட்டுப் பறவையின் எச்சத்தோடு காய்ச்சலும் வரும், சிந்தும் தானியத்துக்கு எலியும் வரும். கோழித்தீவனத்தைக் கூரைக்குள் மூடியே வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதாது என்றால் கேமராவைத் தள்ளிப்போடுங்கள், வெல்ட் மெஷ்ஷை அல்ல.