எலியைப் புதைக்கும் வண்டு

கேள்வி: ஐயா, செத்த எலியை மண்ணில் புதைக்கும் வண்டை டிவியில் பார்த்தேன். எங்கள் கருவாட்டுச் சாக்கில் ஓடுவதும் அதுதானா?
– ஒரு வாசகி, தொண்டி

பதில்: இல்லை தாயி. சாக்கில் மயிர்ப்புழுவாக நெளிவது தோல் வண்டின் குட்டி. நீலமாய் மினுங்கி, சிவந்த காலோடு ஓடினால் அது கொப்பரையிலும் வரும் இன்னொரு வண்டு. ரெண்டும் எதையும் புதைக்காது. உப்பைக் குறைத்து, அரைகுறையாய்க் காயவைத்தால் தேடி வரும்.

நீங்கள் பார்த்தது நிக்ரோபோரஸ் சாதி. அதில் ‘வெஸ்பில்லாய்டெஸ்’ ஐரோப்பாக் காடுகளில் சாதாரணம். 1783-ல் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அதற்குப் பெயர் வைத்தார். கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் பட்டை, உணர்கொம்பின் நுனிகூடக் கறுப்பு. ஆணும் பெண்ணுமாய்ச் சேர்ந்து பிணத்துக்கு அடியில் மண்ணைப் பறித்து இறக்கும். மயிரை உரித்து, கொழுக்கட்டை மாதிரி உருட்டி, வாயிலும் பின்புறத்திலும் சுரக்கும் நீரைப் பூசும். அழுகல் தள்ளிப்போகும். பக்கத்து மண்ணில் முட்டை. பொரிந்த புழுக்கள் தலைதூக்கிக் கெஞ்ச, தாயும் தகப்பனும் இரையைக் கக்கி ஊட்டும். பூச்சிகளில் தகப்பனும் பிள்ளை வளர்ப்பது அபூர்வம். ரொம்பவும் உருகிவிடாதீர்கள்: இரைக்கு மிஞ்சிப் புழு இருந்தால் சிலதைப் பெற்றதுகளே தின்றுவிடும்!

வண்டின் மேலே உண்ணிபோல் தொற்றி வரும் சிற்றுயிர்கள் ஈ முட்டைகளைத் தின்னும். வண்டுக்குப் பெரிய போட்டியே ஈதான். நம் கரையில் எலி செத்தால் காக்கையும் எறும்பும் முந்திக்கொள்ளும். இந்தச் சாதி பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரன். இந்தியாவில் பார்க்க இமயமலைப் பக்கம் போகவேண்டும்.