புயலில் தென்னை இழந்த விவசாயிகளுக்கு அலுவலக நண்பர்கள் சேர்ந்து உதவ நினைக்கிறோம். அரிசி, போர்வை வாங்கி அனுப்பலாமா?

முதல் வாரத்திலேயே போய்ச் சேருவீர்கள் என்றால் சரி, அனுப்புங்கள். தாமதமாகும் என்றால் அந்தப் பணத்தை மரம் அறுக்கும் மெஷினுக்கும் ஜேசிபி வாடகைக்கும் கொடுங்கள்.

நாங்கள் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் எங்கள் தோப்பைப் படுக்க வைத்துவிட்டது. மெயின் ரோட்டில் வண்டி வண்டியாக ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் வந்தன. உள்ளே இருந்த தெருக்களுக்கு வரவில்லை, வழியெல்லாம் மரம் கிடந்தது. கொண்டுவந்தவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த நேரத்தில் வந்த ஒவ்வொருவரும் எங்களுக்குச் சொந்தக்காரர்தான்.

ஆனால் என் மனதில் நிற்பது வெளி மாவட்டத்திலிருந்து மெஷினோடு வந்த பையன்கள். தென்னை நார் மரம், ரம்பச் சங்கிலி சீக்கிரம் மழுங்கிவிடும். அவர்கள் மழையில் குந்தியபடி சங்கிலியை அரம் போட்டுப் போட்டு அறுத்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான் பம்புசெட் வரை நடந்து போக முடிந்தது.

அரசு மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. கொடுக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கட்டையைத் தோண்டி ஓரம் கட்ட அந்த 500 எங்களுக்குப் போதவில்லை. அப்படியே விட்டுவிடலாமே என்பீர்கள். மட்கும் மரத்தில்தான் காண்டாமிருக வண்டு பெருகும், அப்புறம் புதிதாக வைத்த கன்றின் குருத்தைக் குடைந்துவிடும். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை ஊடுபயிர்தான் சோறு போட வேண்டும். அதனால் உளுந்து, கடலை விதையும் சொட்டுநீர்க் குழாயும் வாங்கிக் கொடுத்தாலும் புண்ணியம்தான்.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு தென்னை வளர்க்கும் மாநிலத்தில் ரேஷன் கடையில் பாமாயில் ஊற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. புயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தேங்காய் விலை சரியாமல் நின்றால் நாங்கள் யாரிடமும் கையேந்த மாட்டோம், அதுதான் சம்பந்தம்.

உங்கள் பணம் கொஞ்சம்தான் என்றால் தோப்புக்காரரிடம்கூடப் போக வேண்டாம். காய் வெட்டுகிறவர்கள், தேங்காய் உரிக்கிறவர்கள், கீற்று முடைகிற பெண்கள், இவர்கள் பெயரில் பட்டா கிடையாது. அதனால் மரத்துக்கான நிவாரணம் அவர்களுக்கு ஒரு பைசா வராது, மரம் போனதோடு கூலியும் போய்விடும். டீக்கடையில் விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். கையில் பணமாகவே கொடுங்கள்.