மாவுக்கட்டுப் போட்ட பிள்ளைக்கு இரண்டு சிரப்பும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, எடை 18 கிலோ. ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்து, முந்தாநாள் மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டர் பாராசிட்டமால் 250 சிரப் 5 மி.லி. எழுதியிருந்தார். ராத்திரி முழுக்க வலியென்று அழுததால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன், இதையும் சேர்த்துக் கொடுங்கள் என்று இன்னொரு பாட்டில் தந்தார்கள். நேற்றிலிருந்து இரண்டையும் 5 மி.லி. வீதம் மூன்று வேளை கொடுக்கிறேன். மாமியார், "ரெண்டு மருந்தை ஒண்ணா ஊத்தாதே, ஈரல் கெட்டுடும்" என்கிறார். யார் சொல்வது சரி? – ஒரு தாய், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: மருந்துக் கணக்கு அப்புறம், முதலில் அவன் விரல்களைப் பாருங்கள். நகத்தை லேசாக அழுத்தி விட்டால் வெளுத்து உடனே சிவக்கிறதா, விரலை நீங்கள் மெதுவாக நீட்டிவிட்டால் துடித்துப்போய் அலறுகிறானா, மரத்துப்போனதாகச் சொல்கிறானா? உள்ளே வீக்கம் கூடி கட்டு இறுக்கினால் எந்த சிரப்பாலும் அந்த வலி அடங்காது. விரல் நீலம் பூத்தாலோ, சில்லென்று இருந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், கட்டைப் பிளந்துவிட வேண்டியிருக்கும்.

விரல்கள் நன்றாக இருந்தால் மருந்துக்கு வருவோம். பாராசிட்டமாலும், கடையில் தந்த பாட்டிலில் இருக்கும் ஐபுப்ரோஃபென் என்ற வலி மருந்தும் வேலை செய்யும் விதம் வேறு வேறு, ஆகவே ஒரே நேரத்தில் இரண்டையும் கொடுக்கலாம், அதில் தப்பில்லை. எலும்பு முறிவு வலிக்கு ஐபுப்ரோஃபென் நன்றாகவே கேட்கும். ஆனால் மாமியார் பயந்ததிலும் விஷயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கடையில் தந்த பாட்டில் தனி ஐபுப்ரோஃபென் இல்லை, 5 மி.லி.யில் ஐபுப்ரோஃபென் 100 மி.கி., கூடவே பாராசிட்டமால் 162.5 மி.கி. (கடைக்காரர் நம்மிடம் தமிழில் பேசுகிறார், லேபிள் மட்டும் எறும்பு எழுத்தில் ஆங்கிலம்.) அப்படியானால் டாக்டர் எழுதிய சிரப்பின் 250 மி.கி.யோடு சேர்த்து ஒவ்வொரு வேளையும் அவன் வயிற்றுக்குள் போவது 412.5 மி.கி. பாராசிட்டமால். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று வைத்தால் அவனுக்கு 270 மி.கி.தான் உச்சம்.

ஒரு நாள் கொடுத்ததற்குப் பதற வேண்டாம், மொத்தம் ஆபத்தான அளவை எட்டவில்லை. கூட்டு மருந்தை இன்றே நிறுத்துங்கள். வாந்தி, வயிற்றுவலி, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது என்று எதுவும் தெரிந்தால் மட்டும் இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி, கட்டுப் போட்ட டாக்டரிடம் ஒரு போன் செய்து கேட்டுக்கொண்டு, 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள தனி ஐபுப்ரோஃபென் வாங்குங்கள். அது 7.5 மி.லி., சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. பாராசிட்டமால் பழையபடி 5 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். கொடுத்த நேரத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று போய்விடும். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சமையலறை ஸ்பூனில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். கையைத் தலையணை மேல் நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தாலே பாதி வலி குறையும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஒரு மருந்தை விட்டுவிடலாம்.

வாந்தி பேதியில் உடம்பு வறண்டு கிடந்தாலோ, அம்மை போட்டிருந்தாலோ ஐபுப்ரோஃபென் கொடுக்காதீர்கள். நம் ஊரில் மழை தொடங்கினால் டெங்குவும் கூடவே வரும், அந்தச் சமயத்துக் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் மட்டும்தான். மெஃபெனமிக் ஆசிட் சிரப் வீட்டில் மிச்சமிருந்தால் அதை ஐபுப்ரோஃபெனோடு சேர்க்க வேண்டாம், இரண்டும் ஒரே ஜாதி. தாத்தாவின் மூட்டுவலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதும் கூடாது. அதில் நிமெசுலைடு இருந்தால் இன்னும் மோசம், 12 வயதுக்குக் கீழ் அதைக் கொடுக்கக் கூடாதென்று 2011-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.