அதிகம் தோற்றவர்தான் மோசமான மேனேஜரா?

கேள்வி: 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றதிலிருந்து, மேஜர் லீக் பேஸ்பால் வரலாற்றின் மோசமான மேனேஜர்கள் யார் என்று நண்பர்கள் சேர்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். வெற்றி சதவீதத்தை வைத்து வரிசைப்படுத்தினால் போதுமா? குறைந்தது எத்தனை ஆட்டங்களை நடத்தியவரைச் சேர்க்கலாம்? நூறு வருடத்துக்கு முந்தியவரையும் இன்றையவரையும் ஒரே பட்டியலில் வைக்கலாமா?

பதில்: வெற்றி சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், கஞ்ச முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்களின் பட்டியல்தான் கையில் கிடைக்கும். 1899-இல் கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் 20 ஆட்டங்களில் வென்று 134-இல் தோற்றது. அதில் மேனேஜர் ஜோ க்வின் நடத்தியவற்றில் மட்டும் 12 வெற்றி, 104 தோல்வி. ஆனால் அந்த அணியின் உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் அதே சமயம் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சை யங் உட்பட நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். க்வினை முதலிடத்தில் வைத்தால் பழி போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு குறிப்பு. பேஸ்பால் மேனேஜர் பயண ஏற்பாட்டைக் கவனிக்கிறவர் அல்ல. யார் ஆடுவது, எந்த வரிசையில் அடிப்பது, பிட்ச்சரை (பந்து வீசுபவரை) எப்போது மாற்றுவது, எப்போது பன்ட் அடிப்பது (பந்தை மெல்லத் தட்டிவிட்டு, தான் அவுட்டானாலும் ஏற்கெனவே பேஸில் நிற்பவரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவது) என்பதெல்லாம் அவர் முடிவு. ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. ஆகவே உங்கள் வேலையில் முக்கால் பங்கு, முதலாளியின் கணக்கையும் மேனேஜரின் கணக்கையும் தனித்தனியாகப் பிரிப்பதுதான்.

முதலில் வரம்பு. குறைந்தது 320 ஆட்டங்கள், அதாவது இன்றைய அளவில் ஏறக்குறைய இரண்டு முழு சீசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைக்காலப் பொறுப்பில் இருந்தவர்கள் இதிலேயே கழிந்துவிடுவார்கள். வரம்பு இல்லாவிட்டால் டெட் டர்னரும் பட்டியலுக்கு வந்துவிடுவார். அட்லான்டா பிரேவ்ஸ் தொடர்ந்து 16 ஆட்டங்களில் தோற்ற வெறுப்பில், 1977 மே 11 அன்று அதன் உரிமையாளரான அவரே மேனேஜராக உட்கார்ந்தார். 2-1 என்று அதிலும் தோல்வி. அணியில் பங்கு வைத்திருப்பவர் மேனேஜராக இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி லீக் தலைவர் அவரை அத்துடன் நிறுத்தினார். அவருடைய வெற்றி சதவீதம் பூஜ்யம்!

அடுத்து, ரன் கணக்கு. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த பித்தாகரஸ் சூத்திரம் இதற்குப் போதும். அணி எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் வரும். வர்க்கத்துக்குப் பதில் 1.83 என்ற அடுக்கைப் போட்டால் இன்னும் நெருக்கமாக வரும். இரண்டு ரன் எண்களும் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

2024 ஒயிட் சாக்ஸ் எடுத்தது 507, கொடுத்தது 813. கணக்குப்படி 48 வெற்றி வர வேண்டும், வந்தது 41. 2003 டெட்ராய்ட் டைகர்ஸ் 591-க்கு 928. 49 வர வேண்டிய இடத்தில் 43. 1962 நியூயார்க் மெட்ஸ் 617-க்கு 948. 50 வர வேண்டிய இடத்தில் 40. மூன்றும் கணக்குக்குக் கீழே இருப்பதைப் பார்த்தவுடன் மூன்று மேனேஜர்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். வரலாற்றின் அடிமட்ட அணிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே கணக்குக்குக் கீழேதான் இருக்கும். பலவீனத்தோடு துரதிர்ஷ்டமும் சேர்ந்ததால்தானே அவை அடிமட்டத்துக்குப் போயின? ஒரு சீசனில் 4 வெற்றி அளவுக்கு வித்தியாசம் வருவது சர்வ சாதாரணம். ஒரே வருடத்தில் 6, 7 குறைந்தால் சந்தேகம் கொள்ளலாம், அவ்வளவே. ஒருவருடைய எல்லா வருடங்களிலும் தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் அப்போது பேசலாம்.

இந்தச் சூத்திரத்துக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. மேனேஜர் தவறான ஆளைக் களமிறக்கினால் ரன் எண்ணே கெட்டுப்போகும். அந்தக் கேடு வர வேண்டிய வெற்றி, வந்த வெற்றி இரண்டிலும் கலந்துவிடுவதால் வெளியே தெரியாது. ஆகவே இதைவிட நம்பகமானது முன்னவர்-பின்னவர் சோதனை: ஏறக்குறைய அதே ஆட்களை வைத்துக்கொண்டு இவருக்கு முன்னால் இருந்தவர் என்ன செய்தார், பின்னால் வந்தவர் என்ன செய்தார்?

டாக் ப்ரோத்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். படித்த தொழில் பல் மருத்துவம். 1939 முதல் 1941 வரை ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அணிக்கு மேனேஜர்; 138 வெற்றி, 320 தோல்வி, 30.1 சதவீதம். பெரும்பாலான பட்டியல்களில் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடுவார். ஆனால் அவர் வருவதற்கு முந்தைய 1938-இல் அதே அணி 30 சதவீதம். அவர் போன பிறகு 1942-இல் 42 வெற்றி, 109 தோல்வி, அதாவது 27.8 சதவீதம். அவர் இருந்ததும் இல்லாததும் ஒன்றுதான். காரணம் முதலாளி ஜெரி நூஜென்ட். கையில் காசு இல்லாத அவர் நல்ல ஆட்டக்காரர்களை விற்றுத்தான் அணியை ஓட்டினார். ப்ரோத்ரோ வருவதற்கு முன்பே 1938-இல் டால்ஃப் கமிலியும் பக்கி வால்ட்டர்ஸும் போய்விட்டார்கள். பிறகு 1939-இல் கிளாட் பஸோ, 1940-இல் கர்பி ஹிக்பி. பிட்ச்சரான வால்ட்டர்ஸ் 1939-இல் சின்சினாட்டிக்காக 27 ஆட்டங்களை வென்று லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது வாங்கினார்; கமிலி 1941-இல் புரூக்ளினுக்காக அதே விருதை வாங்கினார். ப்ரோத்ரோவை விடுதலை செய்துவிடலாம்.

மெட்ஸின் மேனேஜர் கேசி ஸ்டெங்கலும் இதில் தப்புகிறார். 1965-இல் அவர் நடத்தியபோது அணி 31 வெற்றி, 64 தோல்வி. எலும்பு முறிவால் அவர் விலகி வெஸ் வெஸ்ட்ரம் வந்த பிறகு 19 வெற்றி, 48 தோல்வி. அந்தக் கிழவர் அதற்கு முன் நியூயார்க் யாங்கீஸ் அணியை வைத்து 12 வருடத்தில் 10 லீக் பட்டமும் 7 உலகத் தொடரும் வென்றவர் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது மோரி வில்ஸ். ஆட்டக்காரராக மேதை, 1962-இல் 104 பேஸ்களைத் திருடியவர், அதாவது பந்து அடிபடாதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தவர். 1980 ஆகஸ்டில் சியாட்டில் மரினர்ஸ் அவரை மேனேஜராக்கியது. 1981 மே மாதம் நீக்கியது. அவருக்கு முன் 1980-இல் டாரல் ஜான்சன் 39 வெற்றி, 65 தோல்வி: 37.5 சதவீதம். வில்ஸ் மொத்தம் 26 வெற்றி, 56 தோல்வி: 31.7. அவருக்குப் பின் அதே 1981-இல் ரெனே லாக்மன் 38 வெற்றி, 47 தோல்வி: 44.7. பள்ளம் எங்கே விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் 82 ஆட்டங்களில் 5 சதவீதப் புள்ளி மேலே கீழே போவது அதிர்ஷ்டத்தாலேயே நடக்கும். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. 320 வரம்பையும் அவர் எட்டவில்லை. வரம்புக்குக் கீழே இருப்பவரைச் சேர்க்க வேண்டுமானால் நேரடிச் சாட்சியம் வேண்டும். வில்ஸ் விஷயத்தில் அது இருக்கிறது. 1981 ஏப்ரலில் ஓக்லண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன், பேட்டர் நிற்கும் கட்டத்தை பிட்ச்சர் பக்கமாக ஓர் அடி நீட்டிக் கோடு போடும்படி மைதான ஊழியர்களிடம் சொன்னார். விதிப்படி கட்டத்தின் நீளம் 6 அடி. ஓர் அடி முன்னால் நின்றால் பந்து வளைந்து முடிவதற்குள் அடிக்கலாம். எதிரணி மேனேஜர் பில்லி மார்ட்டின் கண்டுபிடித்துச் சொல்ல, நடுவர் அளந்து பார்த்தார்: 7 அடி. வில்ஸுக்கு 2 ஆட்டத் தடை, 500 டாலர் அபராதம். மாற்று பிட்ச்சர்கள் தயாராகும் இடமான புல்பென்னில் யாருமே கை சூடேற்றாமல் இருக்கும்போது மாற்று பிட்ச்சரைக் கூப்பிட்டதும் அவர் கணக்கில் இருக்கிறது. போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்ததைப் பின்னாளில் அவரே எழுதினார். அது நடந்ததற்குக் காரணம் சொல்கிறது, பதிவை மாற்றாது. என் பட்டியலில் முதலிடம் அவருக்குத்தான்.

முன்னவர்-பின்னவர் சோதனை இரண்டு இடங்களில் ஏமாற்றும். ஒன்று, அணி அதலபாதாளத்தில் இருக்கும்போதுதான் மேனேஜரை மாற்றுவார்கள். அதன்பின் கொஞ்சம் ஏறுவது இயல்பாகவே நடக்கும், புதியவருக்கு இலவசமாகப் பேர் கிடைக்கும். இரண்டு, ஆட்கள் மாறியிருப்பார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2011-இல் 90 வெற்றி, 2012-இல் பாபி வாலன்டைன் கீழ் 69, 2013-இல் 97 வெற்றியும் உலகத் தொடரும். பார்த்தவுடன் வாலன்டைன் மாட்டிக்கொள்வார். ஆனால் 2012 ஆகஸ்டில் அட்ரியன் கொன்சாலஸ், கார்ல் கிராஃபர்ட், ஜாஷ் பெக்கெட் மூவரையும் நிர்வாகம் ஒரே மூச்சில் விற்றது. ஒப்பிடும் முன் இரு காலங்களிலும் அதிகம் ஆடிய 9 பேட்டர்கள், அதிக இன்னிங்ஸ் வீசிய 5 பிட்ச்சர்கள் பேரை எழுதிப் பாருங்கள். 14-இல் 10 பேராவது பொதுவாக இல்லையென்றால் ஒப்பீட்டை விட்டுவிடுங்கள்.

நேரம் இருந்தால் ரெட்ரோஷீட் தளத்தின் பந்துவாரியான பதிவுகளில், (மொத்தம் 9 இன்னிங்ஸில்) 7-ஆம் இன்னிங்ஸுக்குப் பின் 2 ரன்னுக்குள் இழுபறியாக இருந்த ஆட்டங்களை மட்டும் எடுத்து மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: அணியின் சிறந்த மாற்று பிட்ச்சர் வந்தாரா, களைத்த தொடக்க பிட்ச்சரை விட்டுவைத்தாரா, தேவையில்லாமல் பன்ட் அடிக்கச் சொன்னாரா. இன்றைய ஆட்டத்தில் அவுட் இல்லாமல் முதல் பேஸில் ஆள் இருந்தால் சராசரியாக 0.9 ரன் எதிர்பார்க்கலாம். பன்ட் அடித்து ஓர் அவுட்டோடு இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினால் அது 0.7 ஆகிவிடும். ஆனால் 1910-களின் ரன் வறட்சியில் பன்ட் அவ்வளவு நஷ்டம் இல்லை. பிட்ச்சரே பேட் பிடித்த காலத்து பன்ட்டுகளையும் கழித்துவிடுங்கள். 2003-இல் களைத்த பிட்ச்சர் பெட்ரோ மார்டினெஸை எட்டாம் இன்னிங்ஸில் விட்டுவைத்து யாங்கீஸிடம் கோட்டைவிட்ட பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டிலை இங்கே இழுக்காதீர்கள். அவருடைய பாஸ்டன் கணக்கு 188 வெற்றி, 136 தோல்வி.

காலத்தைக் கலக்கலாம், ஆனால் அதிகாரம் எவ்வளவு இருந்தது என்று பார்த்துக் கலக்க வேண்டும். ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியின் பங்குதாரராகவும் மேனேஜராகவும் இருந்த கானி மேக் 3,731 வெற்றி, 3,948 தோல்வி. இரண்டிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. 1914-க்குப் பின் எடி காலின்ஸ் போன்ற நட்சத்திர ஆட்டக்காரர்களை விற்று, 1916-இல் 36 வெற்றி, 117 தோல்வி என்று சரிந்தபோது, விற்றவரும் அவர்தான், களத்தில் நடத்தியவரும் அவர்தான். முதலாளி மேல் பழிபோட அவருக்கு வழியில்லை. இன்றோ பேட்டிங் வரிசையிலேயே மேல்நிர்வாகத்தின் கை இருக்கிறது.

ஒழுக்கக் கேட்டைத் தனிப் பத்தியாக வையுங்கள். 1947-இல் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனை இனவெறியோடு ஏசிய பென் சாப்மன், மேனேஜராக இருந்துகொண்டே தன் அணியின் ஆட்டங்களுக்குப் பந்தயம் கட்டிய பீட் ரோஸ் இருவரும் அதில் வருவார்கள். ரோஸின் கணக்கு 412 வெற்றி, 373 தோல்வி; எண்ணைப் பார்த்தால் குற்றமே தெரியாது.

உங்கள் பேச்சைத் தொடங்கிவைத்த ஒயிட் சாக்ஸின் பெட்ரோ கிரிஃபோல் 279 ஆட்டங்கள்தான் நடத்தினார்: 89 வெற்றி, 190 தோல்வி. வரம்புக்குக் கீழே. 2024-இல் அவர் 28 வெற்றி, 89 தோல்வியோடு வெளியேற்றப்பட்ட பிறகு கிரேடி சைஸ்மோர் 13 வெற்றி, 32 தோல்வி: 23.9 சதவீதம் 28.9 ஆனது. ஆட்டங்கள் குறைவு என்பதால் அதைப் பெரிதாக எடுக்க முடியாது. அந்த சீசன் தொடங்கும் முன்பே பிட்ச்சர் டிலன் சீஸை நிர்வாகம் விற்றிருந்தது. 121 தோல்வியில் பெரும்பங்கை அங்கே எழுதுங்கள். கிரிஃபோல் மேல் வழக்குப் போட விரும்பினால் 2023-ஐத் தோண்டுங்கள். முந்தைய வருடம் 81 வெற்றி பெற்ற அணியை ஏற்று 61-இல் முடித்தார். அதிலும் ஜூலை இறுதியில் பிட்ச்சர்களை விற்பதற்கு முந்தைய ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்.