அடுப்படிக் கேள்வி–பதில்: ஸ்பார்க்ளிங் ஒயின் ஜெல்லி ஷாட்

ஆண்டிறுதி விருந்துக்கான ஜெல்லி ஷாட் (மது சேர்த்துச் சின்னக் கப்பில் உறையவைக்கும் ஜெல்லி) பற்றித் தென்னாப்பிரிக்க வாசகர்கள் கேட்ட கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

நியூ இயருக்கு முப்பது பேர் வருகிறார்கள். ஒரு பாட்டில் ஸ்பார்க்ளிங் ஒயினில் ஜெல்லி ஷாட் செய்ய அளவு வேண்டும். போன தடவை உறைந்தது, ஆனால் குமிழ் ஒன்றுகூட இல்லை.
*– வாசகி, சாட்ஸ்வொர்த்*

750 மி.லி. பாட்டில் ஒன்று, 10 கிராம் ஜெலட்டின் தூள் பாக்கெட் மூன்று, குளிர்ந்த தண்ணீர் 150 மி.லி., சர்க்கரை 60 கிராம். மொத்தம் ஏறக்குறைய 940 மி.லி. வரும். 30 மி.லி. பிடிக்கும் சின்னக் கப்பில் ஊற்றினால் முப்பது, நுரையில் கொஞ்சம் போனாலும் முப்பது. சாதாரண ஜெல்லிக்கு ஒரு பாக்கெட் அரை லிட்டர் வரை தாங்கும். டர்பனின் டிசம்பர் கோடை வெயிலில், கையில் எடுத்துச் சாப்பிடும் ஷாட்டுக்கு அது போதாது. அதனால்தான் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் சொல்கிறோம்.

தண்ணீரை அகலமான கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அதன் மேல் தூளைப் பரவலாகத் தூவுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. பத்து நிமிடம் ஊறவிட்டு, கொதிதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துக் கரையுங்கள். சர்க்கரையும் இப்போதே. ஜெலட்டினைக் கொதிக்கவிடக் கூடாது, உறையும் பலம் குறைந்துவிடும். கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கி, 40 டிகிரி அளவுக்கு ஆறவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைவிடச் சற்றே கூடுதலான சூடு.

குமிழ் போவது இந்த இடத்தில்தான். வாயு குளிர்ந்த திரவத்தில் கரைந்து நிற்கும், சூட்டில் ஓடிவிடும். நீங்கள் அடுப்பிலிருந்து இறக்கிய கரைசலில் நேராக ஒயினை ஊற்றியிருப்பீர்கள், அல்லது ஒயினையே சூடாக்கியிருப்பீர்கள். பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறந்து, முதலில் அரைக் கப் ஒயினை மட்டும் ஜெலட்டினில் விட்டு மெதுவாகக் கலக்குங்கள். மிச்சத்தைப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக வழியவிடுங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கவிழ்த்தால் ஜெலட்டின் குளிரில் நூல்நூலாகத் திரியும். விஸ்க் வேண்டாம், கரண்டியால் நாலு சுற்று போதும். உடனே கப்களில், அதுவும் ஓரமாக, ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். கப்களை முன்கூட்டியே குளிரவைத்திருந்தால் சீக்கிரம் கெட்டிப்படும், சிக்கிய குமிழும் அப்படியே நிற்கும். மேலே வெள்ளையாகப் படியும் நுரையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். விட்டுவைத்தால் ஆடை போலக் கட்டி, கீழே உள்ள குமிழை மறைக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். பாட்டிலில் இருந்த குமிழ் அத்தனையும் ஜெல்லியில் வராது. நாக்கில் ஒரு சின்னச் சுருக்கென்ற கூச்சம் இருந்தால் அது நல்ல ஷாட்.

நாலு மணி நேரத்தில் உறையும், ஆனால் முதல் நாள் இரவே செய்தால் இன்னும் உறுதியாக நிற்கும். அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பனிப்படிகம் ஜெல்லியைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் தண்ணீர் கக்கும்.

ஹ்லுஹ்லுவே ஊர் அன்னாசி நல்லதாகக் கிடைத்தது, பொடியாக நறுக்கிப் போட்டேன். மறுநாள் காலை வரை ஜெல்லி தண்ணீராகவே இருந்தது. ஜெலட்டின் பழையதா?
*– வாசகர், ஃபீனிக்ஸ்*

ஜெலட்டின்மேல் குற்றமில்லை. வேகவைக்காத பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கும் என்சைம் இருக்கிறது, ஜெலட்டினோ முழுக்கப் புரதம். இன்னும் இரண்டு பாக்கெட் போட்டிருந்தாலும் கதை அதுதான். பப்பாளி, கிவி, அத்திப்பழம், பச்சை இஞ்சிச் சாறு எல்லாம் இதே வேலையைச் செய்யும். (இறைச்சி வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய் அரைத்துப் போடுகிறோமே, அதே சங்கதி.) சூடு பட்டால் என்சைம் செத்துவிடும், டின் அன்னாசி தாராளமாகப் போடலாம், பச்சையை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டும் போடலாம். டிசம்பரில் லிச்சி இருக்கும்போது அன்னாசிக்கு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது எங்கள் கட்சி. கொட்டை எடுத்து நாலாகக் கிழித்து, ஈரம் துடைத்து, ஜெல்லி முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வந்த பிறகு அமுக்குங்கள். முன்னாலேயே போட்டால் குமிழ்கள் பழத்தில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது, மாமியார் முழு சைவம். பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருந்தால் போதுமா? சைனா கிராஸில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர்-அகர்) செய்ய முடியுமா?
*– வாசகி, டோங்காட்*

ஹலால் முத்திரை பன்றி இல்லை என்று சொல்லும், மாடு இல்லை என்று சொல்லாது. அந்த முத்திரையுள்ள ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. மீன் ஜெலட்டினும் உண்டு, ஆனால் மாமியாருக்கு அதுவும் ஆகாது. சைனா கிராஸ்தான் வழி. ஸ்பைஸ் கடையில் தூளாகவும் இழையாகவும் கிடைக்கும், தூளே வாங்குங்கள்.

ஜெலட்டினுக்கும் இதற்கும் குணம் தலைகீழ். சைனா கிராஸ் நன்றாகக் கொதித்தால்தான் கரையும், 35–40 டிகிரிக்கு ஆறினாலே உறைந்துவிடும், ஃப்ரிட்ஜ்கூட வேண்டாம். ஒருமுறை உறைந்தபின் 85 டிகிரி தொட்டால்தான் மறுபடி உருகும். ஆகையால் வெளியே பிரை (கரியடுப்பில் இறைச்சி வாட்டுவது) போடும் இடத்தில், 30 டிகிரி வெயிலிலும், தட்டில் அசையாமல் நிற்கும். ஜெலட்டின் ஷாட் அங்கே கால் மணியில் தளர்ந்துவிடும்.

சிக்கல் ஒயினைச் சேர்க்கும்போது. 250 மி.லி. தண்ணீரில் 9 கிராம் தூள் (தட்டிய டீஸ்பூனில் நாலரை), 60 கிராம் சர்க்கரை போட்டு மூன்று நிமிடம் கிண்டிக்கொண்டே கொதிக்கவிடுகிறீர்கள். அது ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும்போது, 25 டிகிரியில் உள்ள 700 மி.லி. ஒயினைச் சேர்த்தால் கலவை 42 டிகிரிக்கு வரும்; ஊற்ற ஒன்றிரண்டு நிமிடம் இருக்கும். அதே ஒயின் ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வந்தால் கலவை 27 டிகிரிக்கு விழுந்து, பாத்திரத்திலேயே திட்டுத்திட்டாக உறையும். திரும்பக் கொதிக்கவைத்துச் சரி செய்யலாமே என்றால், 85 டிகிரிக்குப் போவதற்குள் ஆல்கஹாலில் கொஞ்சம் கிளம்பியிருக்கும்.

பாட்டிலைச் சூடாக வைத்துத் திறக்காதீர்கள், கார்க் பாயும், பாதி ஒயின் தரையில். குளிர்ந்தபடி திறந்து, ஜக்கில் ஊற்றி, அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். குமிழ் போகும்தான். சைனா கிராஸில் குமிழை எதிர்பார்க்காதீர்கள்; மணத்துக்காகச் செய்யுங்கள். கலந்ததும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் உறையவில்லையென்றால் தூள் பலம் குறைந்தது. வாயில் கரையாது, கடித்தால் உடையும் என்பதையும் விருந்தாளிகளுக்குச் சொல்லிவையுங்கள். பச்சை அன்னாசி இதில் போடலாம், என்சைம் இதை ஒன்றும் செய்யாது.

முழு சைவமானால் ஒயினையும் கவனியுங்கள். சில ஒயின்களைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீன் சார்ந்த பொருளோ பயன்படுத்துவார்கள். லேபிளில் வீகன் என்று இருந்தால் கவலையில்லை. ஆனால் புரட்டாசி விரதத்துக்கு இது ஆகுமா என்று கேட்காதீர்கள், ஒயின் ஒயின்தான்.

எம்.சி.சி. (மெத்தோட் கேப் கிளாசிக்) ஒயின் வாங்கவா, விலை குறைந்தது போதுமா?
*– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

விலை குறைந்ததே போதும். கேப் கிளாசிக் என்பது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கவிட்டு எடுப்பது. 1971-ல் ஸ்டெல்லன்போஷின் சிமோன்சிக் பண்ணை ‘காப்ஸ ஃபோன்கெல்’ என்று தொடங்கிவைத்தது. அதன் பெருமையே நுண்ணிய நுரை. அதை ஜெலட்டினில் அடைப்பது பட்டுப்புடவையில் மாவு சலிப்பது மாதிரி. வாயு ஏற்றிய சாதாரண ஸ்பார்க்ளிங் வாங்குங்கள். ப்ரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை, மேலே சொன்ன 60 கிராம் சரியாக இருக்கும். டெமி-செக் இனிப்பானது, அதற்கு 30 கிராம். குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு மட்டாகவே தெரியும், ஆகவே கலவையை ருசி பார்க்கும்போது ஒரு பொட்டு தூக்கலாக இருக்கட்டும்.

(எல்லாரும் ஷாம்பெயின் என்கிறோம், ஆனால் தென்னாப்பிரிக்க பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்க்க முடியாது. பிரான்ஸ் இங்கிருந்து சிங்கறால் வாங்கிக்கொள்ள, நாம் அவர்கள் ஊர்ப் பெயர்களை ஒயினுக்கு வைப்பதில்லை என்று 1935-ல் ஒப்பந்தம். நல்ல பேரம்.)

கொஞ்சம் கேன் (கரும்பிலிருந்து வடிக்கும் மது) சேர்த்தால் தூக்கலாக இருக்குமே?
*– வாசகர், சாட்ஸ்வொர்த்*

இருக்கும், அளவோடு. ஒயினில் 100 மி.லி.யை எடுத்துவிட்டு அதற்குப் பதில் 43 சதவீத கேன் ஊற்றினால் ஜெல்லி கெடாது. ஆனால் ஒவ்வொரு கப்பிலும் ஆல்கஹால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிடும். கேனை இஷ்டத்துக்கு ஊற்றினால் ஜெலட்டின் தளர்ந்து கொழகொழவென்று ஆகும்.

கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கேன் இல்லாத ஒரு கப்பில் 25 மி.லி. ஒயின், ஐந்து கப் ஒரு கிளாஸ். ஜெல்லியாக விழுங்குவதால் எண்ணிக்கை தெரியாமல் போகும், அதனால் காலிக் கப்பைத் தட்டிலேயே அடுக்கச் சொல்லுங்கள். கார் ஓட்டுபவருக்குச் சட்ட வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 0.05 கிராம். அவருக்குத் தட்டை நீட்டவே வேண்டாம்.

பிள்ளைகளும் கேட்பார்கள். என்ன செய்யலாம்?
*– வாசகி, ஃபீனிக்ஸ்*

ஆப்பிள்டைசரில் (வாயு ஏற்றிய ஆப்பிள் சாறு) செய்யுங்கள். அளவு அதுவே, சர்க்கரை மட்டும் வேண்டாம். வடிவத்தை மாற்றுவது முக்கியம்: பெரியவர்களுக்குக் கப், பிள்ளைகளுக்கு 20 செ.மீ. சதுரத் தட்டில் ஊற்றி வெட்டிய துண்டுகள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், விளக்கு மங்கலானால் எல்லாம் ஒரே நிறம்தான். ஒயின் தட்டை ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், சின்னக் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

கப்பிலிருந்து முழுசாக வருவதில்லை.
*– வாசகி, டோங்காட்*

ஊற்றும் முன் மணமில்லாத எண்ணெயை டிஷ்யூவில் தொட்டு உள்ளே ஒரு துடைப்பு. எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து விநாடி இறக்கி, பல்குச்சியால் ஓரத்தில் ஒரு சுற்று. பத்து விநாடி வைத்தால் ஓரம் உருகிவிடும். ஃப்ரிட்ஜில் மூடியே வையுங்கள், பக்கத்தில் மீன் கறி இருந்தால் ஜெல்லி அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்.